வெறிநாய்க்கடி நோய்க் கட்டுப்பாடு

வெறிநாய்க்கடி நோய்க் கட்டுப்பாடு என்பது, வெறிநோய் (ரேபீசு) விலங்குகளிடையே, சிறப்பாக நாய்களிடையே, பரவுவதைத் தடுத்து, அதன் வழியாக மனிதர்களைக் காக்கும் கால்நடை மருத்துவ, பொதுச் சுகாதாரப் பணிகளின் தொகுப்பாகும். அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோய் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறித்துவிடுகிறது. அதே வேளையில், கடிபட்டவுடன் முறையாகச் சிகிச்சை பெற்றால் ஏறத்தாழ எப்போதும் தடுக்கக்கூடியதாகவும் உள்ளது. இவ்விரண்டும் ஒருசேர அமைந்த நோய்கள் மிகச் சிலவே.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர். இவர்களுள் பெரும்பாலானோர் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள். வெறிநோய் ஐயத்திற்குரிய விலங்குகளால் கடிபடுவோரில் சுமார் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள். மனிதர்களுக்கு ஏற்படும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்களின் வழியாகவே வருகிறது. எனவே மருத்துவமனையில் மனிதருக்குப் போடும் ஊசி இறப்பைத் தடுக்குமேயன்றி நோயின் ஊற்றை அடைக்காது. அதற்கான ஊசி நாய்க்குப் போடப்படவேண்டியதாகும்.

பெயர்

தமிழ்நாட்டில் வெறிநாய்க்கடி என்றும் இலங்கையில் விசர்நாய்க்கடி என்றும் இந்நோய் வழங்கப்படுகிறது. நீர்வெறுப்பு நோய் என்ற பெயரும் உண்டு. நோயுற்ற மனிதர் நீரை விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் வலியுடன் இறுகுவதால், பின்னர் நீரைக் கண்டாலே அஞ்சும் நிலை ஏற்படுகிறது. அதிலிருந்து வந்த பெயர் இது. இவ்வச்சம் மனிதர்களிடம் காணப்படும் அறிகுறியாகும். நாய்களிடம் இவ்வாறு காணப்படுவதில்லை. "நாய் தண்ணீர் குடிக்கிறது, ஆகவே அதற்கு வெறியில்லை" என்று முடிவு செய்வது உயிருக்கு ஆபத்தான தவறு.

நோய்க்காரணியும் பரவும் முறையும்

லிசாவைரசு பேரினத்தைச் சேர்ந்த தீநுண்மம் ஒன்று இந்நோயை உண்டாக்குகிறது. துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவமுடைய இதன் ஆர்.என்.ஏ. இழை சுமார் 12,000 எழுத்துகள் நீளமே கொண்டது. அதில் ஐந்து புரதங்களுக்கான குறிப்புகள் மட்டுமே உள்ளன. இவ்வளவு சிறிய குறிப்பைக் கொண்டு ஒரு விலங்கின் நடத்தையையே தனக்கு ஏற்றவாறு இது மாற்றிவிடுகிறது. தீநுண்மம் மூளையைத் தாக்கி விலங்கைக் கடிக்கத் தூண்டும் அதே காலத்தில் உமிழ்நீரிலும் பெருகியிருப்பதே இந்நோய் பரவுவதன் சூட்சுமம்.

கடிவாயின் வழியே உள்ளே செல்லும் தீநுண்மம் குருதியில் பரவுவதில்லை. அது நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கி நகர்கிறது. எனவே கடிபட்டதற்கும் அறிகுறிகள் தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை கழிகின்றன. ஒரு வாரத்திற்குள் தோன்றியதும், ஓராண்டுக்குப் பின் தோன்றியதும் உண்டு. தலை, முகம், கழுத்து, கை விரல்கள் ஆகியவற்றில் ஏற்படும் கடிகள் அதிக ஆபத்தானவை. குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள் ஆகையால் அவர்களுக்கு முகத்திலும் தலையிலும் கடி விழுவது மிகுதி.

நாயின் உமிழ்நீரில் தீநுண்மம், அறிகுறிகள் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னரே வந்துவிடுகிறது. கடித்த நாயைப் பத்து நாட்கள் கண்காணிக்கும் வழக்கம் இதன் அடிப்படையில் அமைந்தது. பத்து நாட்களுக்குப் பின்னும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் தீநுண்மம் இருக்கவில்லை என்று கொள்ளலாம். ஆயினும் இக்கண்காணிப்பு முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

விலங்குகளில் அறிகுறிகள்

நாய்களில் இந்நோய் இருவகையாக வெளிப்படும். சீற்ற வகையில் நாய் காரணமின்றிக் கடிக்கும், கல், மரக்கட்டை போன்றவற்றையும் கவ்வும், நோக்கமின்றி நெடுந்தொலைவு ஓடும், குரல் மாறும். அமைதி வகையில் கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுக, நாய் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். இரண்டாவது வகையே எளிதில் ஏமாற்றுவது. வளர்ப்பவர் பரிவுடன் அருகே செல்வார். எவ்வகையாயினும் சில நாட்களில் நாய் இறந்துவிடும்.

மாடுகளில் வெறிநோய் வேறு விதமாகத் தோன்றுகிறது. மாடு தீனி எடுக்காமல், விழுங்க முடியாமல், வாயில் நுரை தள்ள நிற்கும். அடித்தொண்டையில் இடைவிடாது கத்தும். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்றெண்ணி மாட்டின் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பது சிற்றூர்களில் இயல்பாக நடப்பது. கால்நடை மருத்துவர்களும் உதவியாளர்களும்கூட இவ்வாறு தீநுண்மத்துடன் தொடர்பு கொள்ள நேர்கிறது. இதனாலேயே இத்தொழிலில் இருப்போர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது. நோயுற்ற மாட்டின் பாலை அருந்திவிட்டோமே என்ற அச்சமும் பரவலானது. வெப்பத்தில் தீநுண்மம் அழிந்துவிடும் ஆதலால் காய்ச்சிய பாலால் நோய் வருவதில்லை. ஆயினும் அத்தகைய மாட்டின் பாலைப் பயன்படுத்தாது விடுவதே முறை.

வரலாறு

வெறிநாயின் உமிழ்நீரே நோயைக் கடத்துகிறது என்பதை 1804 ஆம் ஆண்டில் செருமானியரான சிங்க்கே சோதனை வழியாகக் காட்டினார். பிரான்சின் லியோன் கால்நடை மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய பியேர் விக்டர் கால்த்தியே, 1879 இல் நோயை முயல்களுக்குக் கடத்திக் காட்டினார். நாய்களைக் கொண்டு சோதிப்பதை விட இது பாதுகாப்பானது. 1881 இல், தீநுண்மத்தைச் செம்மறி ஆடுகளின் குருதிக் குழாயில் செலுத்தினால் அவை நோயுறாமல் எதிர்ப்பாற்றல் பெறுவதையும் அவர் கண்டறிந்தார். லூயி பாசுச்சரின் பெயர் உலகெங்கும் அறியப்பட்ட அளவுக்கு இக்கால்நடை மருத்துவரின் பெயர் அறியப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

பாசுச்சரும் அவருடைய குழுவினரும் நோயுற்ற முயல்களின் முதுகுத் தண்டுவடத்தை உலர்த்தி நோயின் வீரியத்தைக் குறைத்தனர். 1885 சூலை 6 அன்று, வெறிநாயால் பலமுறை கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மெய்சிட்டருக்கு இத்தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது. பாசுச்சர் மருத்துவர் அல்லர் ஆதலால் ஊசியைப் போட்டவர் வேறொரு மருத்துவர். சிறுவன் உயிர் பிழைத்தான். பாசுச்சர் மறைந்த செப்டம்பர் 28 ஆம் நாள் உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்தியாவில் முதலாவது பாசுச்சர் நிறுவனம் 1900 இல் கசௌலியில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் கடிபடுவோர் அவ்வளவு தொலைவு செல்வது இயலாததாக இருந்தது. 1902 இல் ஓர் இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தது, தெற்கிலும் ஒரு நிறுவனம் தேவை என்ற கோரிக்கையை வலுப்படுத்தியது. அமெரிக்கச் செல்வந்தரான என்றி பிப்சு அளித்த நன்கொடையின் உதவியுடன் 1907 இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் தென்னிந்தியப் பாசுச்சர் நிறுவனம் திறக்கப்பட்டது. இது 1977 இல் இந்தியப் பாசுச்சர் நிறுவனம் என்ற பெயரில் தன்னாட்சி அமைப்பாயிற்று.

கசௌலியில் டேவிட் செம்பில் 1911 இல் உருவாக்கிய தடுப்பு மருந்தே பல பத்தாண்டுகள் இந்தியாவில் பயன்பட்டது. ஆட்டு மூளையில் தீநுண்மத்தை வளர்த்து, பீனால் கொண்டு செயலிழக்கச் செய்து இது தயாரிக்கப்பட்டது. வயிற்றில் நாளுக்கு ஒன்றாகப் பல ஊசிகள் போடவேண்டியிருந்தது. "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்று தமிழ்நாட்டில் முந்தைய தலைமுறையினர் சொல்வது இதைத்தான். மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்புகளும் நேர்ந்தன. இம்மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. இன்று பயன்படுபவை திசு வளர்ப்பு முறையில் தயாரிக்கப்படுபவை, கையில் போடப்படுபவை. பழைய ஊசியின் மீதான அச்சம் மட்டும் மருந்தைவிட நீண்டகாலம் வாழ்கிறது. அதன் பொருட்டு மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர் இன்னமும் உள்ளனர்.

எழுபது விழுக்காட்டுக் கணக்கு

ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போட்டால் அப்பகுதியில் நோய்ப் பரவல் நின்றுவிடும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். எல்லா நாய்களுக்கும் போடவேண்டிய தேவை ஏன் இல்லை என்பதையும், பாதி நாய்களுக்குப் போட்டால் ஏன் போதாது என்பதையும் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

தடுப்பூசி இல்லாத நாய்க் கூட்டத்தில் ஒரு வெறிநாய் சராசரியாக எத்தனை நாய்களுக்கு நோயைத் தருகிறது என்பது அடிப்படைப் பெருக்க எண் எனப்படும். தட்டம்மை போன்ற நோய்களுக்கு இது பத்துக்கும் மேல். நாய்களின் வெறிநோய்க்கு, பல நாடுகளின் பதிவுகளை ஆராய்ந்ததில், 1 முதல் 2 வரை மட்டுமே உள்ளது. இவ்வெண் 1.5 என்று கொண்டால், மூன்றில் ஒரு பங்கு நாய்கள் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தாலே ஒரு நோயாளி நாய் ஒன்றுக்கு மேற்பட்ட நாய்க்குத் தொற்றைத் தர இயலாது, சங்கிலி அறுந்துவிடும். அப்படியானால் 33 விழுக்காடு போதாதா?

போதாது. தெருநாய்களின் ஆயுள் குறைவு. எடுத்துக்காட்டாக, 100 நாய்கள் உள்ள ஊரில் ஆண்டுக்கு 40 நாய்கள் இறந்து, 40 குட்டிகள் அவற்றின் இடத்தைப் பிடிப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் 70 நாய்களுக்கு ஊசி போட்டிருந்தால், ஓராண்டின் இறுதியில் அவற்றுள் 42 எஞ்சியிருக்கும். இது 33 என்ற எல்லைக்கு மேல் உள்ளது. தொடக்கத்தில் 50 நாய்களுக்கே போட்டிருந்தால், ஆண்டிறுதியில் 30 தான் எஞ்சும். அடுத்த முகாம் வருவதற்குள் நோய் நுழைய வழி ஏற்பட்டுவிடும். 70 விழுக்காட்டை எட்டிய ஊரும் மறு ஆண்டு முகாமைத் தவறவிட்டால், இரண்டாம் ஆண்டின் இறுதியில் 25 நாய்களே எஞ்சும். முதலாண்டு உழைப்பு வீண். பல நகரங்களில் திட்டம் தோற்பதற்குக் காரணம் ஊசி மருந்தின் குறைபாடு அன்று, தொடர்ச்சியின்மையே.

எத்தனை விழுக்காட்டை எட்டினோம் என்பதை அறிவதும் அலுவலகப் பதிவேட்டைக் கொண்டு செய்யக்கூடியதன்று. ஊசி போட்ட நாயின் தலையிலோ முதுகிலோ சாயத்தால் அடையாளமிட்டு, ஓரிரு நாட்களுக்குள் தெருத்தெருவாகச் சென்று அடையாளம் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் எண்ணுவதே முறை. போட்ட ஊசிகளின் எண்ணிக்கை மட்டும் சொல்லப்பட்டு, மொத்த நாய்களின் எண்ணிக்கை சொல்லப்படாத அறிக்கையிலிருந்து எதையும் அறிய இயலாது.

நாய்களைக் கொல்லுதல்

நோய் பரவும்போதெல்லாம் நாய்களைக் கொல்லவேண்டும் என்ற குரல் எழுவது இயல்பு. மேற்கண்ட ஊரிலேயே இதன் விளைவைக் காணலாம். ஊசி போடப்பட்ட 70 நாய்களும் போடப்படாத 30 நாய்களும் உள்ள இடத்தில், பிடிபட்ட 30 நாய்களைக் கொன்றால் அவற்றுள் 21 தடுப்பூசி பெற்றவையாக இருக்கும். குப்பையும் உணவும் குறையாதவரை, காலியான இடத்தை வெளியிலிருந்து வரும் நாய்களும் புதிய குட்டிகளும் நிரப்பும். எதிர்ப்பாற்றல் 70 இலிருந்து 49 விழுக்காட்டிற்குச் சரிந்துவிடும். மனிதரிடம் பழகிய நாய்களே எளிதில் பிடிபடும், அவையே ஊசிக்கும் எளிதில் பிடிபட்டவை என்பதால் உண்மையான இழப்பு இதைவிட மிகுதியாக இருக்கக்கூடும்.

இந்தோனேசியாவின் புளோரசுத் தீவுக்கு 1997 இல் படகில் வந்த நாய்களின் வழியாக நோய் நுழைந்தது. பெருமளவில் நாய்கள் கொல்லப்பட்டும் நோய் ஒழியவில்லை. 2008 இல் நோய் நுழைந்த பாலித் தீவிலும் முதலில் கொல்லுதலே மேற்கொள்ளப்பட்டது. மக்கள் தம் நாய்களைக் காப்பாற்ற வேறு ஊர்களுக்குக் கொண்டு சென்றதால் நோயும் உடன் பயணித்தது. பின்னர் தீவு முழுவதும் தடுப்பூசி முகாம்கள் தொடங்கிய பிறகே நோய் குறைந்தது.

கருத்தடைத் திட்டம்

சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்களும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. சென்னையில் இயங்கும் புளூ கிராசு அமைப்பு நீண்டகாலம் வலியுறுத்தியதன் பேரில், 1996 இல் மாநகராட்சி கருத்தடையும் தடுப்பூசியும் இணைந்த முறைக்கு மாறத் தொடங்கியது. இதில் நாய் பிடிக்கப்பட்டு, அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டு, வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டு, காது நுனியில் சிறு வெட்டு அடையாளம் இடப்பட்டு, பிடித்த இடத்திலேயே விடப்படுகிறது. நடுவணரசு 2001 இல் இதற்கான விதிகளை வெளியிட்டது; 2023 இல் அவற்றுக்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்தன.

கருத்தடையும் தடுப்பூசியும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். கருத்தடை நாய்களின் எண்ணிக்கையைப் பல ஆண்டுகளில் மெதுவாகக் குறைக்கும். குட்டிகள் குறைவதால் எதிர்ப்பாற்றல் விரைந்து சரியாமலும் காக்கும். ஆனால் ஓர் அறுவைக்கு ஆகும் நேரத்தில் பல நாய்களுக்கு ஊசி போட்டுவிடலாம். அறுவை செய்த நாய்க்கு மட்டுமே ஊசி என்று திட்டமிட்ட ஊர்கள் 70 விழுக்காட்டை எட்டுவது அரிது. மேலும், ஒருமுறை போட்ட ஊசி ஆயுள் முழுவதற்கும் போதாது.

இந்தியாவில் தெருநாய்கள் பெருகியதற்குக் கழுகுகளின் அழிவும் ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. மாடுகளுக்குத் தரப்பட்ட டைக்குளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டை உண்ட பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 1990களில் அவை பெருமளவில் மடிய, கேட்பாரற்ற கால்நடை உடல்கள் நாய்களுக்கு உணவாயின. கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவது 2006 இல் தடை செய்யப்பட்டது.

இந்தியா

உலகின் வெறிநாய்க்கடி இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அரசுப் பதிவுகளில் காணப்படும் எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவு. இறக்கும் தறுவாயில் உள்ள நோயாளியை மருத்துவமனை வீட்டிற்கு அனுப்பிவிடுவதும், மூளைத் திசுச் சோதனை செய்யப்படாததும் இவ்வேறுபாட்டிற்குக் காரணங்களாகும். 2022 இல் நடுவண் நலவாழ்வு அமைச்சகம், மனித வெறிநோயை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. விலங்குகளில் இது 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோயாகும். 2030க்குள் நாய்வழி வெறிநோய் இறப்புகளை ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021 இல் வெளியிடப்பட்டது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தெருநாய்கள் சுமார் 1.53 கோடி. அதில் 70 விழுக்காடு என்பது ஏறத்தாழ 1.07 கோடி நாய்கள். இயலாத எண்ணாகத் தோன்றினும், கோவா மாநிலம் சிறிய அளவில் இதைச் செய்து காட்டியது. அங்கு 2013 முதல் தொண்டு நிறுவனமும் மாநில அரசும் இணைந்து, வலைகளுடன் குழுக்களை ஊர் ஊராக அனுப்பி, ஒவ்வோர் ஊசியையும் கைப்பேசிச் செயலியில் இடக்குறிப்புடன் பதிவு செய்தன. ஆண்டுக்குச் சுமார் ஒரு இலட்சம் நாய்களுக்கு ஊசி போடப்பட்டது. நாய்களில் நோய் 90 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் மனித இறப்பு எதுவும் அங்குப் பதிவாகவில்லை. இந்திய நிலப்பரப்பில் அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவு ஆகிய தீவுக்கூட்டங்கள் இந்நோய் அற்றவை.

2025 ஆகத்து 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லிப் பகுதியின் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. ஆகத்து 22 அன்று அவ்வாணை மாற்றப்பட்டு, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, மற்ற நாய்கள் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் அதே இடத்தில் விடப்படவேண்டும் என்று கூறப்பட்டது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அகற்றி, மீண்டும் அங்கு விடக்கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. நாய் விரும்பிகளுக்கும் கடிபட்டோர் குடும்பங்களுக்கும் இடையிலான வழக்காக இது பேசப்பட்டாலும், இரு தரப்பினருக்கும் தேவைப்படுவது தடுப்பூசி பெற்ற நாய்களே.

இலங்கை

இலங்கையில் 1893 இலேயே வெறிநோய்க் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1970களின் முற்பகுதியில் ஆண்டுக்கு 300க்கும் மேற்பட்டோர் இறந்த நாட்டில், நாய்களுக்கான தொடர்ச்சியான தடுப்பூசியாலும், கடிபட்டோருக்கு இலவசச் சிகிச்சையாலும், பின்னாளில் இவ்வெண்ணிக்கை 20 முதல் 30 வரையான அளவுக்குக் குறைந்தது. 2006 இல் நாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டது. சுகாதார அமைச்சின் கீழேயே பொதுச் சுகாதாரக் கால்நடைச் சேவைக்கென ஒரு பிரிவு இயங்குவது குறிப்பிடத்தக்கது. பல நாடுகளில் நாய் ஒரு துறைக்கும் கடிபட்ட மனிதர் வேறு துறைக்கும் உரியவர்களாக இருக்க, இங்கு இருவரும் ஒரே அமைச்சின் பொறுப்பில் வருகின்றனர்.

பிற நாடுகள்

பிரித்தானியாவில் நாய்களுக்கு வாய்க்கூடு அணிவித்தும், வெளியிலிருந்து வரும் நாய்களைத் தனிமைப்படுத்தியும் 1902 இல் நோய் ஒழிக்கப்பட்டது. முதல் உலகப்போர் முடிவில் கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்ட நாய்களால் 1918 இல் மீண்டும் நுழைந்து, 1922 இல் மறுபடி ஒழிந்தது. சப்பான் 1950 இல் இயற்றிய சட்டத்தின் வழியாக நாய்களின் பதிவையும் தடுப்பூசியையும் கட்டாயமாக்கி, 1957க்குள் நோயை ஒழித்தது. நாய்வழி மனித வெறிநோயை ஒழித்ததாக உலக சுகாதார அமைப்பின் சான்றைப் பெற்ற முதல் நாடு மெக்சிகோ (2019).

கடிபட்டவருக்கான உடனடிச் சிகிச்சை

காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவுவதே முதற்பணி. தீநுண்மத்தின் வெளியுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள் போன்றவற்றைத் தடவுவது தீங்கானது. அதன்பின் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தடுப்பூசியைத் தசையிலோ தோலின் அடுக்குகளுக்கிடையிலோ போடலாம். மருந்து குறைவாகச் செலவாகும் இரண்டாவது முறைக்கு இந்தியாவில் 2006 இல் ஒப்புதல் கிடைத்தது. குருதி கசியும் காயம் எனில் ஊசியுடன், இம்யூனோகுளோபுலின் எனப்படும் ஆயத்த எதிர்ப்புப் பொருளையும் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்தவேண்டும். தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஒரு வாரத்திற்கும் மேலாகும் என்பதால் அந்த இடைவெளியை இது நிரப்புகிறது. முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல், மருத்துவர் குறித்துத் தந்த நாட்களிலெல்லாம் தவறாது போட்டுக்கொள்ளவேண்டும்.

நோயறிதல்

இறந்த விலங்கின் மூளைத் திசுவைக் கொண்டே உறுதியாக நோயறிய இயலும். 1903 இல் நெக்ரி என்பவர் மூளை உயிரணுக்களில் கண்ட நுண்துகள்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. 1958 முதல் ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை பயன்பாட்டில் உள்ளது. கடித்த நாயை அடித்துக் கொன்று புதைத்துவிடுவதால் இச்சோதனைக்கு வாய்ப்பில்லாமல் போகிறது. தலையில் அடித்திருந்தால் மூளை சிதைந்தும் விடும். நாய்க்கு நோய் உறுதியானால், அது கடித்த மற்றவர்களையும், எச்சில் பட்டவர்களையும் தேடிச் சென்று சிகிச்சைக்கு அழைக்கலாம். கடித்த நாயைப் பற்றிக் கால்நடை மருத்துவருக்கும், கடிபட்டவரைப் பற்றி மருத்துவருக்கும் ஒருவர் வழியே மற்றவருக்குத் தகவல் செல்லும் இம்முறையைக் கையாளும் இடங்களில், எவருக்கும் தெரியாமலே போயிருக்கக்கூடிய கடிகள் கண்டறியப்படுகின்றன.

காட்டு விலங்குகள்

நரி, கீரி, குள்ளநரி, வௌவால் ஆகியனவும் பல நாடுகளில் நோயைத் தாங்கி நிற்கின்றன. ஐரோப்பாவில் செந்நரிகளே முதன்மைக் கடத்திகளாக இருந்தன. 1978 இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில், தடுப்பு மருந்துப் பொதியைக் கோழித் தலைகளுக்குள் வைத்து நரிகள் உண்ணும்படி போட்டனர். பின்னர் இயந்திரத்தில் தயாரித்த இரைகள் வானூர்தியிலிருந்து தூவப்பட்டன. இம்முறையால் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நரிவழி வெறிநோய் இல்லாதொழிந்தது. கையால் பிடிக்க இயலாத தெருநாய்களுக்கும் இத்தகைய வாய்வழி மருந்தைப் பயன்படுத்துவது குறித்த களச் சோதனைகள் ஆசிய நாடுகள் சிலவற்றில் மேற்கொள்ளப்பட்டுள்ளன.